வக்கீல் வாங்கிய ரப்பர் தோட்டம்

இலங்கையின் ஜெப்ரி பாவா கதை

பொழுது விடிகிறது. ஏரித் தண்ணீரில் முதல் வெயில் படுகிறது. பழைய பங்களா ஒன்றின் தாழ்வாரத்தில் ஒருவர் உட்கார்ந்து தேநீர் அருந்துகிறார். அவர் முதல் நாள் மாலை வந்து தங்கிய விருந்தினர்.

அவருக்கு எதிரே பச்சைப் புல்வெளி. அதன் ஓரத்தில் கிளைகளைத் தாழப் பரப்பி நிற்கும் ஈழத்தலரி மரங்கள். அவற்றுக்கு அப்பால் ஏரி. ஏரிக்கு அப்பால் காடு.

பார்ப்பதற்கு எல்லாம் இயற்கையாக அமைந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் அப்படி அல்ல! அந்தப் புல்வெளி வெட்டிச் சமன் செய்யப்பட்டது. அந்த மரக்கிளைகள் கல் கட்டித் தொங்கவிட்டு வளைக்கப்பட்டவை. பங்களாவின் மறுபுறம் தெரியும் குன்றின் உயரம்கூட மனிதன் குறைத்ததுதான்.

இவ்வளவையும் செய்தவர் ஒரே மனிதர். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் 50 ஆண்டுகள்.

அந்த இடத்தின் பெயர் லுனுகங்கா. இலங்கையில், கொழும்பிலிருந்து தெற்கே காலிக்குப் போகும் வழியில், பெந்தோட்டை அருகே இருக்கிறது. அந்த மனிதரின் பெயர் ஜெப்ரி பாவா.

அவர் தோட்டக்காரராகப் பிறந்தவர் அல்ல. கட்டடம் கட்டப் படித்தவரும் அல்ல. அவர் ஒரு வக்கீல்! வக்கீலாக இருந்தவர் எப்படி உலகம் அறிந்த கட்டடக் கலைஞர் ஆனார்? அதற்குக் காரணம் இந்தத் தோட்டம்தான்.

தந்தையை இழந்த சிறுவன்

ஜெப்ரி பாவா 1919-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா, பேர்பெற்ற வக்கீல். அவர் உடலில் முஸ்லிம் ரத்தமும் ஐரோப்பிய ரத்தமும் கலந்திருந்தன. தாயார் பெர்த்தா, ‘பறங்கியர்’ என்று இலங்கையில் சொல்லப்படும் ஐரோப்பியக் கலப்பு வம்சத்தைச் சேர்ந்தவர். வசதியான குடும்பம்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு குறை வந்து சேர்ந்தது. 1923-ம் ஆண்டில் தந்தை இறந்துபோனார். அப்போது ஜெப்ரிக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது. தாயாரும் தாயாரின் சகோதரிகளும் சேர்ந்து அவரை வளர்த்தார்கள்.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் பெவிஸ். ஜெப்ரியை விடப் பத்து வயது மூத்தவர். இந்தப் பெவிஸ் பின்னாளில் கவர்னர்களுக்கு மெய்க்காவல் துணை அதிகாரியாக இருந்தார். ஆனால் அவருடைய மனம் முழுவதும் செடி கொடிகளின் மேல்தான். 1929-ம் ஆண்டு முதலே பேருவளைக்கு அருகே, குடும்பத்துக்குச் சொந்தமான ரப்பர் தோட்டத்தைச் சிறிது சிறிதாக அழகிய பூந்தோட்டமாக மாற்றிவந்தார். ‘பிரீப்’ என்பது அந்தத் தோட்டத்தின் பெயர். இன்றும் அதைப் பார்க்க மக்கள் வருகிறார்கள்.

அண்ணன் செய்த இந்தக் காரியம் தம்பியின் மனத்தில் பதிந்திருந்தது. ஆனால் அது வெளியே வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

பிடிக்காத தொழில்

கொழும்பு ராயல் கல்லூரியில் படித்த ஜெப்ரி, 1938-ல் சீமைக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு லண்டனில் சட்டம் படித்து, 1944-ல் பாரிஸ்டர் ஆனார். தந்தை வழியில் மகனும் வக்கீல். குடும்பத்தார் எதிர்பார்த்ததும் அதுதான்.

உலக யுத்தம் முடிந்தது. ஜெப்ரி கொழும்புக்குத் திரும்பி வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஆனால் கோர்ட்டும் கட்சிக்காரர்களும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1946-ல் தாயாரும் இறந்தார். அதன்பிறகு அவரை ஊரில் பிடித்து நிறுத்த யாரும் இல்லை.

தொழிலை விட்டார். பிரயாணம் புறப்பட்டார். கீழை நாடுகளைப் பார்த்தார். அமெரிக்காவைக் கடந்தார். ஐரோப்பாவுக்குப் போனார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

இத்தாலி தேசம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அங்கே ஏரிக்கரைகளில் பழைய பிரபுக்களின் மாளிகைகள் இருக்கின்றன. மாளிகையைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் தோட்டங்கள், கற்சிலைகள், நீண்ட நடைபாதைகள். கார்டா என்ற ஏரியின் கரையில் ஒரு மாளிகையை வாங்கி, அங்கேயே தங்கிவிடலாம் என்று ஜெப்ரி எண்ணினார்.

அந்த எண்ணம் ஈடேறவில்லை. ஏமாற்றத்துடன் இலங்கைக்குத் திரும்பினார். பெற்றோர் இல்லை. பிடித்த தொழில் இல்லை. சொந்த வீடு என்று மனம் ஒட்டிய இடமும் இல்லை. பணம் இருந்தது, படிப்பு இருந்தது, என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

1948-ல் வாங்கிய நிலம்

அது 1948-ம் ஆண்டு. இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டு. அந்த ஆண்டில் ஜெப்ரி ஒரு முடிவுக்கு வந்தார். இத்தாலியில் கிடைக்காத ஏரிக்கரைத் தோட்டத்தைத் தம் சொந்த நாட்டிலேயே உண்டாக்குவது என்பதே அந்த முடிவு.

பெந்தோட்டை ஆற்றின் அருகே தெத்துவை என்று ஓர் ஏரி. அதற்குள் நாக்கு நீட்டியது போலப் புகுந்திருக்கும் ஒரு நிலம். டச்சுக்காரர் காலத்தில் அங்கே கறுவாப்பட்டை பயிரானது. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் மரங்கள் நடப்பட்டன. இரண்டு சிறு குன்றுகள், நடுவே பள்ளம், ஒரு குன்றின் மேல் சாதாரணமான ஒரு பங்களா. இவ்வளவுதான் அங்கே இருந்தது. கவனிப்பு இல்லாமல் கிடந்த அந்த இடத்தை ஜெப்ரி விலைக்கு வாங்கினார்.

அதற்கு லுனுகங்கா என்று பெயர். சிங்கள மொழியில் லுனு என்றால் உப்பு. கங்கா என்றால் ஆறு. உப்பாறு என்று பொருள்.

பங்களாவில் நின்று பார்த்தால் சுற்றிலும் ரப்பர் மரங்கள்தான் தெரிந்தன. ஏரி மிக அருகில் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. மரங்களை வெட்டி வழி திறந்தார். பங்களாவுக்குள் நுழையும் வாசலை மாற்றினார். வண்டிகள் வந்து நின்ற முற்றத்தை ஏரியை நோக்கிய மேடைத் தோட்டமாக்கினார்.

ஆனால் சீக்கிரமே ஓர் உண்மை அவருக்குப் புரிந்தது. மனத்தில் தோன்றுவது ஒன்று. அதை மண்ணிலும் கல்லிலும் செய்து காட்டுவது வேறு. மழைநீரை எப்படி வடியவிடுவது? மண்சரிவை எப்படித் தடுப்பது? கூரையை எவ்வளவு நீட்டினால் சுவர் நனையாது? கூலிக்கு வந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்த பல விஷயங்கள்கூட எஜமானருக்குத் தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் ஒரு நிபுணரைப் பணம் கொடுத்து வைத்துக்கொண்டிருப்பார். ஜெப்ரி அப்படிச் செய்யவில்லை. தாமே மாணவராகப் போனார்!

வயது கடந்த மாணவர்

1951-ல் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே இருந்த ரீட் என்பவர்தான் அவருக்கு முதல் குரு. ஆனால் மறு ஆண்டே குரு இறந்துவிட்டார்.

ஜெப்ரி மறுபடியும் லண்டனுக்குப் போனார். கட்டடக்கலைப் பள்ளியில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இவருக்கு முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. உருவமும் மிக உயரம். வகுப்பில் தனியாகத் தெரிந்தார். கேம்பிரிட்ஜ் பட்டதாரி, பாரிஸ்டர் என்ற பெருமைகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் பாடத்திலிருந்து கற்றார்.

1957-ல் பரீட்சையில் தேறினார். அப்போது அவருக்கு வயது 38. பலரும் வாழ்க்கையில் பாதி தூரம் போய்விட்டதாக எண்ணும் வயதில், அவர் ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்கினார்.

பழைய வீட்டின் ரகசியம்

நாடு திரும்பிய ஜெப்ரி, தம் குருவின் நிறுவனத்தையே எடுத்து நடத்தலானார். டென்மார்க் தேசத்தைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் என்ற கட்டடக் கலைஞர் 1959-ல் அவருடன் சேர்ந்தார். 1967-ல் டாக்டர் பூலோகசுந்தரம் என்ற தமிழ் என்ஜினீயர் பங்காளியானார். ஜெப்ரி மனத்தில் கண்ட வடிவங்களை, விழாமல் நிற்கும் கட்டடங்களாக ஆக்கிக் கொடுத்தவர் பூலோகசுந்தரம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் இலங்கையில் அன்னியச் செலாவணி தட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து கண்ணாடியும் இரும்பும் வரவழைப்பது கடினம். பலர் இதைத் தடையாக நினைத்தார்கள். ஜெப்ரியோ உள்ளூர் ஓட்டையும் மரத்தையும் கருங்கல்லையும் கையில் எடுத்தார்.

கிராமத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பார்த்தால் அவருடைய முறை எளிதில் விளங்கும். நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம். சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போய்விடும். தாழ்வாரத்தின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். நீண்ட கூரை, வெயிலையும் சாரலையும் சுவரில் படவிடாது. மின்விசிறி இல்லாமலே வீடு குளிர்ந்திருக்கும்.

இந்தப் பழைய அறிவைப் புதிய கட்டடங்களில் அவர் புகுத்தினார். பழைய ஓட்டுக் கூரை மழையில் ஒழுகும் என்ற குறையும் தீர்ந்தது. அலை அலையாக உள்ள சிமெண்டுத் தகடுகளை அடியில் பரப்பி, அதன் மேல் ஓடு வேய்ந்தார். கீழே நீர் இறங்காது. மேலே ஓட்டின் அழகும் கெடாது.

1960-க்கும் 1962-க்கும் இடையே, பாத்திக் துணி ஓவியத்தில் பெயர்பெற்ற ஈனா டி சில்வாவுக்குக் கொழும்பில் ஒரு வீடு கட்டினார். பட்டணத்தின் நடுவே, சிறு மனையில், முற்றம் வைத்த வீடு! மேல்நாட்டுப் பாணி பங்களாக்களையே கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள்.

கொழும்பில் தமக்கென்றும் ஒரு வீடு அமைத்துக்கொண்டார். ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, பத்து ஆண்டுகளில் ஒரே வீடாக்கினார். அதில் செட்டிநாட்டு மரத்தூண்களும் இடம் பெற்றன.

மதுரையிலும் சென்னையிலும்

ஜெப்ரியின் கைவண்ணம் தமிழ்நாட்டிலும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் மதுரையில், பஞ்சாலை நிறுவனமான மதுரா கோட்ஸின் அதிகாரிகளுக்காக ஒரு கிளப் கட்டிடம் அமைத்துக் கொடுத்தார். உள்ளூர்க் கல்லையும் பழைய கட்டடங்களிலிருந்து கிடைத்த தூண்களையும் அதில் பயன்படுத்தினார். அது பின்னாளில் ஓட்டலாக மாறியது. சென்னையில் பழம்பெரும் கன்னிமாரா ஓட்டலை விரிவுபடுத்தும் வேலையும் அதே பத்தாண்டில் அவரிடம் வந்தது.

இலங்கையில் அவர் கட்டிய ஓட்டல்கள் பல. 1969-ல் முடிந்த பெந்தோட்டை பீச் ஓட்டல் அவற்றில் ஒன்று. அதன் வரவேற்பு மண்டபத்தின் விதானம் முழுவதும் ஈனா டி சில்வாவின் பாத்திக் துணி.

1979-ல் ஜனாதிபதி ஜெயவர்த்தனா, கோட்டையில் புதிய பாராளுமன்றக் கட்டிடம் அமைக்கும் பொறுப்பை ஜெப்ரியிடம் கொடுத்தார். இடமோ சதுப்பு நிலம். ஜெப்ரி சேற்றை அள்ளி ஏரியாக்கினார். நடுவே தீவு போல ஒரு மேட்டை விட்டு, அதில் செம்புக் கூரை போட்ட மண்டபங்களை எழுப்பினார். 1982-ம் ஆண்டு ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. தண்ணீரும் கட்டடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சி லுனுகங்காவை நினைவூட்டியது.

சிகிரியா குன்றின் அடிவாரத்தில் ஓட்டல் கட்ட வேண்டும் என்று ஒரு நிறுவனம் அவரை அழைத்தது. ஜெப்ரி இடத்தைப் பார்த்தார். பழம்பெருமை வாய்ந்த அந்தக் குன்றின் காலடியில் ஓட்டல் கட்டுவது சரியல்ல என்று எண்ணினார். பல மைல் தள்ளி, கந்தளமை என்ற பழைய ஏரியின் கரையில் வேறு இடம் காட்டினார். அங்கே கட்டுவதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. ஏரித் தண்ணீர் கெடும் என்று பௌத்த பிக்குகளும் ஊராரும் அஞ்சினார்கள். 1994-ல் கட்டிடம் முடிந்தது. மலைச்சரிவை ஒட்டி நீளமாகச் செல்லும் அந்த ஓட்டலின் மேல் இன்று கொடிகள் படர்ந்து மூடியிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காடுதான் தெரியும்!

சனி, ஞாயிறு தோட்டவேலை

இவ்வளவு வேலைகளுக்கு நடுவிலும் லுனுகங்காவை அவர் மறக்கவில்லை. வார முடிவில் கொழும்பிலிருந்து காரில் கிளம்பிவிடுவார். அங்கே போனால் இந்த மரம் இங்கே வேண்டுமா, அந்தச் சுவர் அங்கே வேண்டுமா என்ற யோசனைதான்.

பங்களாவின் தெற்கே உள்ள குன்றுக்குச் சினமன் ஹில், அதாவது கறுவாக் குன்று என்று பெயர். அதன் உச்சி, பின்னால் இருந்த ஏரியின் மறுபகுதியை மறைத்தது. மண்ணை வெட்டி உச்சியைத் தாழ்த்தினார். ஏரி தெரிந்தது. அதற்கும் அப்பால், தூரத்து மேட்டில் பௌத்த விகாரை ஒன்றின் வெள்ளைத் தூபி தெரிந்தது. வீட்டுக்கும் தூபிக்கும் நடுவே, குன்றின் மேல் நிற்கும் மகிழ மரத்தடியில் பெரிய சீன ஜாடி ஒன்றை வைத்தார். பார்ப்பவர் கண் வீட்டிலிருந்து ஜாடிக்குப் போகும். ஜாடியிலிருந்து ஏரிக்குப் போகும். ஏரியிலிருந்து தூபிக்குப் போகும். அடுத்தவர் நிலத்தில் உள்ள விகாரையையும் தம் தோட்டத்து அழகோடு சேர்த்துவிட்டார்!

தோட்டத்தின் குறுக்கே ஊர்ச் சாலை ஒன்று போனது. ஊராரின் வழியை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. ஜெப்ரி என்ன செய்தார்? சாலையைப் பள்ளத்துக்குள் மறையும்படி அமைத்து, மேலே பாலம் போட்டார். ஊரார் கீழே போவார்கள். தோட்டத்தில் உலவுகிறவர் மேலே நடப்பார். வீட்டிலிருந்து பார்த்தால் சாலை இருப்பதே தெரியாது.

தோட்டத்தில் பல இடங்களில் மணிகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நாதம். ஜெப்ரி தேநீர் வேண்டி மணியை இழுத்தால், எந்த மூலையில் அவர் இருக்கிறார் என்பதை ஓசையைக் கேட்டே வேலையாட்கள் தெரிந்துகொள்வார்கள்.

மண் வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், கிளைகளைக் கத்தரித்தவர்கள் எல்லாம் அந்தச் சுற்றுப்புறத்து மக்களே. அவர்கள் பெயர்கள் புத்தகங்களில் அதிகம் இல்லை. ஆனால் அவர்கள் கை படாத அடி நிலம் அங்கே இல்லை.

பேச்சு நின்றது

1998-ல் இலங்கை, சுதந்திரத்தின் பொன்விழாவைக் கொண்டாடியது. விழாவுக்கு வந்த பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் லுனுகங்காவுக்கும் வந்தார். தோட்டத்துக்கும் அப்போது வயது 50.

அதே ஆண்டில் ஜெப்ரியைப் பக்கவாதம் கடுமையாகத் தாக்கியது. கை கால்கள் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எவ்வளவோ கட்டடங்களை வாயால் விவரித்தே எழுப்பியவர், ஒரு வார்த்தையும் சொல்ல முடியாமல் படுத்திருந்தார். அவர் தொடங்கி வைத்த வேலைகளை உடனிருந்த இளைஞர்கள் நடத்தினார்கள்.

2001-ல் ஆகாகான் கட்டடக்கலைப் பரிசுக் குழு, வாழ்நாள் முழுவதும் செய்த பணிக்காக அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. 2003-ம் ஆண்டு மே 27-ந் தேதி ஜெப்ரி பாவா காலமானார். வயது 83. அவருடைய அஸ்தி, அவர் தாழ்த்திய அதே கறுவாக் குன்றில் சேர்க்கப்பட்டது.

வாரிசு யார்?

ஜெப்ரி திருமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அவருக்குப் பின் தோட்டம் என்ன ஆகும்? அந்தக் கவலை அவர் உயிரோடு இருந்தபோதே இருந்தது. வெப்ப நாட்டுத் தோட்டத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. மழையும் வெயிலும் சேர்ந்து, கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே அதைக் காடாக்கிவிடும்!

அதற்காகவே ஒரு டிரஸ்டை அவர் ஏற்படுத்தியிருந்தார். இன்று லுனுகங்கா அந்த ஏற்பாட்டின்படி பாதுகாக்கப்படுகிறது. பகலில் யாரும் கட்டணம் செலுத்தித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். அவர் வாழ்ந்த பங்களாவிலும், தோட்டத்தில் அங்கங்கே அவர் கட்டிய சிறு வீடுகளிலும் விருந்தினர் தங்கலாம். மாட்டுத் தொழுவமாக இருந்த ஓர் இடம்கூட அவர் கை பட்டுத் தங்கும் அறையாகியிருக்கிறது.

இன்னொரு வீடும் அங்கே வந்து சேர்ந்தது. ஈனா டி சில்வாவுக்குக் கொழும்பில் கட்டிய அந்த முற்றம் வைத்த வீடு, மனை கைமாறியதால் இடிபட இருந்தது. ஜெப்ரியின் அன்பர்கள் அதை விடவில்லை. கல்லுக்கும் மரத்துக்கும் எண் போட்டுப் பிரித்தெடுத்தார்கள். லுனுகங்காவில் திரும்பவும் பூட்டி நிறுத்தினார்கள். இப்போது அதிலும் விருந்தினர் தங்குகிறார்கள்.

காலைத் தேநீர் முடிந்து விருந்தினர் எழுந்து உலவப் போகிறார். புல்வெளியில் தோட்டக்காரர்கள் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் உதிர்ந்த இலைகளைக் கூட்டுகிறார். ஒருவர் புதிதாக நீண்ட கிளையைக் கத்தரிக்கிறார். மகிழ மரத்தடியில் ஜாடி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு அப்பால் ஏரியும் வெள்ளைத் தூபியும் தெரிகின்றன.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஓர் இளைஞர் வாங்கிய ரப்பர் தோட்டம் அது. தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, முப்பது வயதுக்கு மேல் பள்ளிக்குப் போனதால் அது இந்த அழகைப் பெற்றது.